அக்கா தோட்டத்துக்கு அடியில் நீலம்

எண்களுக்கு நிறம் பூசுவதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில், பீளமேட்டுப் பக்கம், ஒரு பம்ப் கம்பெனியில் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். பம்புக்குள் தண்ணீர் எங்கே வேகமாகச் சுழல்கிறது, எங்கே அழுத்தம் குறைகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் எண்கள் லட்சக்கணக்கில் வந்து கொட்டும். அதை யார் உட்கார்ந்து படிப்பது? நான் அதையெல்லாம் படமாக்குவேன். அழுத்தம் குறைந்த இடம் நீலம், கூடிய இடம் சிவப்பு, நடுவில் பச்சையும் மஞ்சளும். படத்தைத் திருப்பலாம், குறுக்கே அறுத்து உள்ளே பார்க்கலாம். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

வாயைப் பிளக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை விற்பனைப் பிரிவில் இருந்து ஒருவர் என் திரையைப் பார்த்துப் பதறிப்போய், "ஏனுங்க மேடம், இவ்வளவு செவப்பா இருக்குதே, பம்பு வெடிச்சுருமுங்களா?" என்றார். "செவப்புப் பூசுனது நானுங்க, பம்பு இல்லீங்க. ரோஸ் புடிக்கும்னா சொல்லுங்க, பூசித் தாரேன்" என்றேன். அவர் அதன் பிறகு என் மேசைப் பக்கமே வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஆபீசில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். படம் வேறு, பொருள் வேறு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைத் தெரியாமல் செய்தவள் இல்லை நான்.

என் அக்காவைப் பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தது. எனக்கு ஆறு வயது மூத்தவள். வெளியூரில் வேலை பார்க்கிற, கல்யாண வயதில் ஒரு மகள் அவளுக்கு. கல்யாணமாகிப் போன அந்த வருடமே அவளும் மச்சானும் சேர்ந்து வைத்த கன்றுகள்தான் இன்றைக்கு அந்தத் தோப்பு. இருநூற்றுச் சொச்சம் மரம். அக்காவுக்கு ஒவ்வொரு மரத்தின் குணமும் தெரியும். இது ஊமை, இது வாயாடி, இது மாமியார் மாதிரி எப்பவும் எதையாவது தலையில் போடும் என்பாள்.

இந்தக் கோடையில் தோப்பு காய ஆரம்பித்தது. இருந்த இரண்டு ஆழ்துளைக் கிணற்றில், எங்கள் பேச்சில் போர், ஒன்று அரை மணி நேரம் ஓடிவிட்டுக் காற்றைத் துப்பியது. மற்றது வீட்டுக்கும் மாட்டுக்கும் சரியாக இருந்தது. மட்டைகள் மடங்கித் தொங்கின, குரும்பைகள் உதிர்ந்து மரத்தடி முழுக்கக் கிடந்தன. அக்கா போனில் அழவில்லை. "மேக்கு வரிசை போனாப் போனதுதான் கண்ணு. இன்னும் ஒரே ஒரு போரு ஓட்டலாம்னு மச்சான் சொல்றாங்க. அதுக்கு மேல எங்களால ஆகாது" என்றாள். அந்த ஒரே ஒரு துளையை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

நான் அங்கே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீரோட்டம் பார்க்கிற ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் என்று கணக்கு. மூன்று இடத்தில் எழுந்து நின்றது. மச்சான் மூன்று இடத்திலும் குச்சி நட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க மச்சான், தேங்காய்க்குத் தண்ணி தெரியும்னா உங்க மரத்துல தொங்கறதையே கேட்டுப்போடலாமில்லீங்க? அதுக இத்தனை வருசமாச் சும்மாதானே தொங்குதுக" என்றேன்.

மச்சான் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. சிரித்தபடி, "அப்ப நீதான் சொல்லேன் கண்ணு. ஊரான் பம்புக்கெல்லாம் படம் போடற, உங்க அக்காளுக்கு ஒண்ணு போட மாட்டியா?" என்றார்.

போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் பக்கம் பூமி முழுக்கப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் இருக்கும். வெடிப்பு எங்கே போகிறது என்று மேலே நின்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் போரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை இஞ்சு வந்தது என்று சேகரித்தால், எந்தப் பக்கம் வாய்ப்பு அதிகம் என்றாவது பார்க்கலாம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டரில் தோட்டம் தோட்டமாகப் போனோம். அக்கா பின்னால் உட்கார்ந்து வழி சொல்வாள். நான் போனில் இடத்தைக் குறித்துக்கொள்வேன்.

போன இடமெல்லாம் ஒரே உபசாரம். "வாங்க கண்ணு, வாங்க அம்மணி, மோர் குடிங்க" என்று உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சே. "போரு எத்தனைங்க?" என்று கேட்பேன். "ரெண்டுங்க. ரெண்டும் ஓடுதுங்க." அடுத்த தோட்டம். "மூணுங்க. சாமி புண்ணியத்துல மூணுலயும் தண்ணிங்க." அடுத்தது. "ஒண்ணுதானுங்க, ஆனாப் பாருங்க, ஓட்டுன அன்னைக்கே ரெண்டு இஞ்சு." மொத்தம் நாற்பத்தாறு போர். நாற்பத்தாறிலும் தண்ணீர்.

"உங்க ஊரு கொடுத்து வெச்ச ஊருங்கக்கா, ஒரு போருகூடப் பொய்க்கலையே" என்று ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே கத்தினேன். பின்னாலிருந்து பதில் இல்லை. காற்றில் கேட்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். ஆபீசில் ஒரே ஒரு அளவு பிசகினாலும், இந்த எண்ணை யார் கொடுத்தது என்று ஆளை வறுத்தெடுக்கிற நான், குளமே காய்ந்து கிடக்கிற பூமியில் நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு என்றால் நம்பிவிட்டேன். மோர் குடித்த வாயால் எப்படிச் சந்தேகப்படுவது?

கடைசியாக அக்காவின் தோப்பு. கிழக்கே இருக்கிற இரண்டு போரையும் குறித்துவிட்டு, "வேற இருக்குதுங்களாக்கா?" என்றேன். "இவ்வளவுதான் கண்ணு" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மேற்கே ஒரு வேப்பமரத்தடியில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து போனில் எண்களைச் சரிபார்த்தேன். சுற்றிலும் பார்த்தால் குழாய் இல்லை, தொட்டி இல்லை, தண்ணீர் ஓடுகிற வாய்க்காலும் இல்லை.

"இங்க எதுக்குங்கக்கா தொவைக்கிற கல்லு?"

"முந்தி இங்க தொவைச்சோம். நீ எந்திரி, சோறு ஆறிப்போகுது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து படத்தைப் போட்டேன். மேலே தோட்டம், வீடு, மரம் எல்லாம் இருக்கிற மாதிரியே. கீழே பூமியைப் பூசணிக்காய் கீறின மாதிரிக் குறுக்கே வெட்டியிருந்தேன். தண்ணீர் வாய்ப்பு அதிகமான இடம் அடர் நீலம், குறைந்தது மஞ்சள். முதல் தடவை போட்டபோது படத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்தது. பக்கத்தில் ஒரு போரும் இல்லாத இடங்களை அந்த மென்பொருள் வெள்ளையாக விட்டுவிடும். அங்கே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அதனால் சொல்லாது.

மச்சானுக்கு அதைப் போனில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "படம் சூப்பருங்க கண்ணு. ஆனா இதென்ன, கறையான் அரிச்ச பாயாட்டம் அங்கங்க ஓட்டையா இருக்குது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் படத்தைப் போய்க் கறையான் அரித்த பாய் என்றால்? இடைவெளிகளை நிரப்பு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக் போட்டால், இந்தப் பக்கத்து எண்ணையும் அந்தப் பக்கத்து எண்ணையும் வைத்து நடுவில் இருக்கிறதை அதுவாகவே யூகித்து நிறம் பூசிவிடும். டிக் போட்டேன். ஓட்டையெல்லாம் மூடிக்கொண்டது. படம் பட்டுச்சேலை மாதிரி வழவழவென்று வந்தது.

அடுத்த ஞாயிறு மடிக்கணினியை அக்கா வீட்டு டிவியில் மாட்டிக் காட்டினேன். தோப்பைச் சுற்றிக் காட்டினேன், பூமிக்குள் இறக்கினேன். கிழக்கே சுமாரான நீலம். மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கத்து நல்ல போர்களின் எண்களை இழுத்துக்கொண்டு, வேப்பமரத்துக்கு அடியில் திரண்ட அடர் நீலம். மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனாள்.

"அந்தக் கல்லுக்கிட்டயா கண்ணு?"

"ஆமாங்கக்கா. கல்லுல இருந்து ஒரு இருபத்தஞ்சு அடி தள்ளி."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அங்கயா? நெசமா அங்கயா?"

"கண்ணுல தெரியுதில்லீங்க? அங்கதான் இருக்கறதுலயே அடர் நீலம்."

அக்கா மச்சானைப் பார்த்தாள், மச்சான் அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என் திறமையைப் பார்த்து மலைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இதெல்லாம் ஒரு யூகம்தான், உறுதி சொல்ல முடியாது என்று ஒருமுறை சொன்னேன். சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இருவர் காதிலும் அது ஏறவில்லை, ஏறவேண்டும் என்று நானும் மெனக்கெடவில்லை.

திருச்செங்கோட்டுப் போர் வண்டி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். கல்லிலிருந்து இருபத்தைந்து அடி அளந்து குச்சி நட்டது நான்தான். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து ஆரம்பித்தார்கள். உடைத்த தேங்காயைப் பார்த்து மச்சானிடம், "இதுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குமுங்களா?" என்று கிண்டல்கூடச் செய்தேன்.

கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. இருபதடிக்கு ஒரு ராடாக இரும்புக் குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. நூற்றெண்பதில் மண் கொஞ்சம் ஈரமாக வந்தது. அக்கா ஓடிப்போய் அதை அள்ளி முகர்ந்து பார்த்தாள். இருநூற்றைம்பதில் பாறைப் பொடி வெள்ளையாக வர ஆரம்பித்தது. நானூறு, அறுநூறு, எண்ணூறு, அப்புறமும் அதே பொடிதான். வேப்பமரம், கல், வண்டி, எங்கள் தலை, புருவம், எல்லாம் வெளுத்துப்போனது. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து தள்ளி நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயிரம் அடியில் ஓட்டுநர் மச்சானைப் பார்த்தார். மச்சான் இன்னும் போகட்டும் என்று கையைக் காட்டினார். ஆயிரத்து இருநூறு வரை போனது. ஒரு சொட்டு இல்லை.

சத்தம் நின்றதும் காதுக்குள் ரொய்யென்றது. கட்டிலில் திறந்து வைத்திருந்த மடிக்கணினியைப் போய்ப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. மேலே படிந்திருந்த பொடியைத் துடைத்தால், அந்த நீலம் அப்படியே இருந்தது. கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் இருந்தது.

போர் வண்டிக்காரர் ராடுகளைக் கழற்றிக்கொண்டே என்னிடம் ஆறுதலாகச் சொன்னார். "வெசனப்படாதீங்கம்மா. இந்தப் பக்கம் பாறை இப்படித்தானுங்க. போன தடவையும் இதே பொடிதான் வந்துச்சு."

"போன தடவையா? எந்தப் போன தடவை?"

"அதானுங்க, நாலு வருசத்துக்கு முந்தி ஓட்டுனமே. அந்தக் கல்லுக்கு அடியில."

கல்லைத் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்து எண்களைச் சரிபார்த்த கல். "அங்க போரு இருக்குதுங்களா?"

"மூடி வெச்சிருக்காங்க. ஆயிரத்தி நூறு அடிங்க. அக்கட்டால கோழிக் கூண்டுக்கு அடியில ஒண்ணு, மாட்டுக் கட்டுத்தரைக்குப் பொறத்தால ஒண்ணு. மூணும் நம்ம வண்டிதானுங்க ஓட்டுச்சு."

"அட சாமி! இதை ஓட்டறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுங்களா?"

அவர் பாவம், விழித்தார். "ஊட்டுக்காரங்களுக்குத் தெரியாததாங்கம்மா? கம்ப்யூட்டர்ல பூமிக்குள்ள படம் எடுத்துப் பாத்துட்டோம்னு சொன்னாங்க. அதுக்கு மேல நாங்க என்னத்தைச் சொல்றதுங்க?"

அக்கா கட்டுத்தரைத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வெள்ளைப் பொடி, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு கழுவியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"மூணு போரு பொய்ச்சுக் கெடக்குது, ரெண்டுதான் இருக்குதுன்னு என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டீங்களேக்கா! எதுக்குங்க? நான் என்ன, பொண்ணு கேட்டா வந்தேன்?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன், ஆனால் விஷயமே அதுவாக இருந்தது. அவள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் தண்ணீரைக் கேட்பார்கள். "தண்ணி எப்படிங்க?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள். பொய்த்த போர் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் காய்ந்த பூமி என்று பேர் வந்துவிடும். அதனால் ஓட்டி ஒன்றும் வராவிட்டால் அன்றைக்கே மூடி, மேலே எதையாவது தூக்கி வைத்துவிடுவார்கள். அதைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்கள்.

"இந்த ஊருல எல்லார்த்து ஊட்லயும் இருக்குது கண்ணு. எல்லாருக்கும் தெரியும். ஆரும் ஆரையும் கேக்க மாட்டோம்" என்றாள் அக்கா.

நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. மோர் குடித்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஒரு வீட்டில் வாசலுக்குச் சம்பந்தமே இல்லாமல், வயலுக்கு நடுவே சிமெண்டுத் திண்டு கட்டிச் செம்பருத்தித் தொட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் நட்டநடுவே கவிழ்த்துப்போட்ட உடைந்த ஆட்டுக்கல். எல்லாம் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, நான்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்ததை மட்டும் சொல்லி, வராததை ஊரே சேர்ந்து விழுங்கியிருந்தது. அந்த எண்களுக்குத்தான் நான் பட்டுச்சேலை நிறம் பூசியிருந்தேன்.

"சரிங்கக்கா, என்கிட்டச் சொல்லலை, போகட்டும். கல்லுக்கு அடியில ஆயிரத்தி நூறு அடி பொய்ச்சது உங்களுக்குத் தெரியுமில்ல? அதுக்கு இருபத்தஞ்சு அடி தள்ளி நான் குச்சி நட்டப்பக்கூடவா வாயத் தொறக்கக் கூடாது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொடி இன்னும் அப்பிக்கொண்டது. "நாஞ் சொல்லாட்டியும் கம்ப்யூட்டருக்குத் தெரியுமில்ல கண்ணு? நீதான் பூமிக்குள்ள போய்ப் பாத்துப்போட்டியே. டிவில நானும் பாத்தனே. மொதல்ல எனக்குப் பயம். அந்த மூணு போரும் அதுல தெரிஞ்சிருமோ, நீ கேட்டுப்போடுவியோன்னு. பாத்தா அங்கதான் நீலமா இருந்துச்சு. சரி, நாலு வருசத்துல அங்க தண்ணி ஊறிப்போச்சாட்டம் இருக்குது, சாமி கண்ணைத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன்."

அவள் பார்த்தது பூமியை என்று நினைத்திருக்கிறாள், ஏதோ எக்ஸ்ரே மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்களும் அவளும் சொன்ன வார்த்தைகளைத்தான் நான் நிறம் பூசித் திருப்பிக் காட்டியிருந்தேன். அவள் சொன்ன பொய் நீலமாகி அவளிடமே வந்திருக்கிறது, அதை நிஜம் என்று கும்பிட்டிருக்கிறாள்.

"என்னாலதான். தோப்ப நானே கொன்னுபோட்டேன்" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியில்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அதுதான் தோன்றியது. சூலூர் தாண்டி வருகிறவரைக்கும் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். பொய்த்த மூன்று போரையும் சேர்த்து, இப்போது எப்படி வருகிறது என்று பார்க்கலாம் என்று. அவளுக்கு அனுப்பி, பாருங்கள் என்று காட்டவேண்டும் என்கிற குரூரமும் கொஞ்சம் இருந்தது. கோப்புகளின் வரிசையில் முதன்முதலில் போட்ட படமும் இருந்தது. மச்சான் கறையான் அரித்த பாய் என்று சொன்ன படம். எதற்கோ அதைத் திறந்தேன்.

வேப்பமரத்தைச் சுற்றி வெள்ளை.

கல் இருந்த இடம், குச்சி நட்ட இடம், மேற்கு வரிசை முழுவதும் வெள்ளை. நீலம் ஒரு துளிகூட இல்லை. அந்த மென்பொருள் எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தது, அங்கே எனக்கு ஒன்றும் தெரியாது என்று. நான்தான் ஒரு டிக் போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் மூடின போர் மேல் கல்லைத் தூக்கி வைத்தார்கள். நான் நீலத்தைத் தூக்கி வைத்தேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன், சோறு இறங்கவில்லை. கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்து நிமிஷம் கழித்து யாரோ தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்தது பெரிய பாடாக இருந்தது. போனில் சொல்லிவிடலாமா என்று பலமுறை எடுத்து வைத்துவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போனபோது மேற்கே இரண்டு பேர் மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டை சாய்ந்த மரங்களை வெட்ட வந்தவர்கள். மேற்கு வரிசைகளை விட்டால்தான் கிழக்கே இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று மச்சான் முடிவு செய்திருந்தார்.

அக்காவைச் சமையலறையில் உட்கார வைத்து மடிக்கணினியைத் திறந்தேன். முதல் படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது நான் மொதல்ல போட்டதுங்கக்கா. இந்த வெள்ளை இருக்குது பாருங்க, இதுதான் நம்ம கல்லு இருக்கற எடம்."

"வெள்ளைன்னா என்ன கண்ணு?"

"எனக்குத் தெரியாதுன்னு அர்த்தமுங்கக்கா. அங்க என்ன இருக்குதுன்னு எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. பாக்க அசிங்கமா இருக்குதுன்னு நான்தான் நீலத்தை ரொப்புனேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அந்த வெள்ளைத் திட்டின்மேல் விரலை வைத்து, சுற்றிச் சுற்றி வந்தாள். வெளியே ரம்பத்தின் மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெட்டுகிறது வாயாடி மரத்தையா ஊமை மரத்தையா என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதை வெள்ளையாவே உட்டிருந்தீன்னா, அதென்ன கண்ணுன்னு உன்னக் கேட்டிருப்பேன்" என்றாள் மெதுவாக. "தெரியாதுன்னு நீ சொல்லியிருப்ப. நீயே தெரியலைங்கறயேன்னு, நான் அந்தக் கல்லப் பத்திச் சொல்லியிருப்பேன்."

அப்புறம் எழுந்துபோய் மரம் வெட்டுகிறவர்களுக்கு டீ வைத்தாள்.